மூன்று விசில், ஒரு வேட்டு

என் தங்கை இசபெல்லாவுக்கு நாங்கள் சீராகக் கொடுத்த டேப் ரிக்கார்டரில் மச்சான் ஸ்தனிஸ்லாஸ் ஒரு நாளும் பாட்டுக் கேட்டதில்லை. பாலக்கோடு சந்தையில் தக்காளிப் பெட்டியை லாரியில் எறியும் சத்தம், சர்க்கரை ஆலை நீராவி விடும் சத்தம், நல்லம்பள்ளி பஸ்ஸின் உடைந்த கதவு, எல்லாவற்றையும் கேசட்டில் பிடிப்பார். வீட்டில் டிராக்டர் கலப்பைத் தட்டைத் தொங்கவிட்டு, அறுந்த சங்கிலியால் உரசி அதையும் சேர்ப்பார். இதற்குப் பெயர் சங்கீதமாம்! கருமம், யார் கேட்பது?

அவருடைய துயரமும் அதுதான். "ஒரே ஒரு ஆளு எந்திரிக்காம முழுசாக் கேக்கணும் மச்சான். அப்பறம் செத்தாலும் பரவால்ல" என்பார். நான் நாலாவது நிமிடத்தைத் தாண்டியதில்லை. இசபெல்லா சத்தம் தொடங்கும்போதே குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குக் கிளம்பிவிடுவாள். அந்த வீட்டில் தண்ணீர்ப் பஞ்சமே வந்ததில்லை.

1986இல் புதிதாக வந்த பங்குச் சாமியார் பெரிய வெள்ளிக்குப் பாஸ்கா நாடகம் போட்டார். ஏசு உயிர்விடும்போது நிலம் நடுங்கிப் பாறை பிளக்க வேண்டும். ஒரு நிமிடச் சத்தம் போதும் என்று மச்சானிடம் பொறுப்பைக் கொடுத்தார். மச்சானிடம் பதினோரு நிமிட நாடா இருந்தது. ஊருக்கு மேற்கே கல்குவாரியில் மூன்று மாதம் கிடந்து பிடித்தது. ஒத்திகையில் போட்டுக்காட்டச் சொன்னால், "புதுசாக் கேட்டாத்தான் உறைக்கும்ங்க சாமி" என்று மறுத்துவிட்டார்.

எங்களூரில் பாதிக் குடும்பங்களுக்கு அந்தக் குவாரியில்தான் பிழைப்பு. மூன்று விசில் அடித்தால் வேட்டு வெடிக்கப்போகிறது. போட்டது போட்டபடி ஓட வேண்டும். ஓடாத இருவரைப் புதைத்த ஊர் இது.

அன்று சாயங்காலம் ஏசுவாக நடித்த அருள்நாதன் சிலுவையில் தலை சாய்த்தான். அவனும் கல் உடைக்கிறவன்தான். கைகளைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தோம். ஏசுவுக்குச் சாவுத் தீர்ப்புச் சொன்ன தேசாதிபதி பிலாத்து நான். குழாய் ஸ்பீக்கரில் விசில் வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. "வேட்டேய்!"

அவ்வளவுதான். முந்நூறு பேரும் எழுந்து ஓடினார்கள். மாதாவாக நடித்தவள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். மைக்செட்காரர் ஓடினார். சீடர்கள் ஓடியது வேதத்திலேயே இருக்கிறது. பிலாத்து ஓடியது எங்களூரில்தான். அட்டைக் கிரீடத்தோடு கிணற்றுச் சுவருக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டேன்.

நிறுத்த ஆளில்லாமல் நாடா கடைசிவரை ஓடியது. நாங்கள் அசட்டுச் சிரிப்போடு திரும்பி வந்தபோது, கட்டியது கட்டியபடி அருள்நாதன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். மச்சான் அவன் காலடியில் நின்றார்.

"இன்னிக்குச் சாவப்போறது நாந்தான்னு கண்ண மூடிக்கிட்டேண்ணா. கல்லு விழவே இல்ல. அப்பறம் ஒரு சத்தமும் இல்ல. ரொம்ப நேரங்கழிச்சி எங்கியோ ஒரு குருவி கத்துச்சு பாருங்க... அடேயப்பா! உசுரோட இருக்கேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. வேட்டு ஓய்ந்தபின் குருவி திரும்பி வந்து கத்துவதைப் பிடிக்கத்தான் மூன்று மாதமும் அங்கே கிடந்தாராம். இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்டிருக்கலாம், பாவி நான்.

"இன்னொரு தரம் போடட்டுமா தம்பி?"

"போடுங்கண்ணா. மொதல்ல என்னைய அவுத்து வுடுங்க."

மச்சான் அவன் கைகளில் கட்டியிருந்த துண்டைப் பார்த்தார். டேப் ரிக்கார்டரைப் பார்த்தார். நேராக டேப் ரிக்கார்டரிடம்தான் போனார்.