தங்கையின் குரலில் இல்லாத சொல்

எங்கள் ஊர் விமான நிலையத்துக்கு யாரையாவது வழியனுப்பப் போனவர்களுக்கு என் தங்கையைத் தெரியும். முகம் தெரியாது, குரல் தெரியும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்குவாளே, அவள்தான்.

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பேச ஆரம்பித்த பிறகு அணைக்க முடியவில்லை என்று அப்பா வைத்தது. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடைக்குப் போனேன். அவள் படித்து விமானக் கம்பெனியில் சேர்ந்தாள். கவுண்டரில் உட்கார்ந்து, பயணிகளின் பெட்டியை எடை போட்டு, உட்காரும் இடம் கொடுத்து அனுப்பும் வேலை.

அறிவிப்பு வேலை அவளுக்கு வந்தது ஜலதோஷத்தால். நிலையத்தில் புதிதாக ஒரு அறிவிப்பு இயந்திரம் வாங்கியிருந்தார்கள். ஊர்ப் பெயர்கள், எண்கள், 'புறப்படும்', 'தாமதமாகும்' என்று எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிந்துவிட்டால், அதுவே கோத்து வாக்கியமாகச் சொல்லிவிடும். அன்றைக்கு இவள் தும்மிக்கொண்டே இருந்தாள். "கவுண்டர்ல உட்கார்ந்து பயணிகளுக்கு ஒட்ட வைக்காதம்மா, அந்த ரூம்ல போய் இதைப் படி" என்று அப்போதிருந்த மேலாளர் அனுப்பிவிட்டார். முதல் நாள் எண்களைப் படித்தாள், மூக்கடைப்போடு. மறுநாள் சளி இறங்கிவிட்டது, ஊர்ப் பெயர்களைப் படித்தாள். அதனால் இன்றைக்கும் கவனித்துக் கேட்டால் தெரியும்: ஊர்கள் பளிச்சென்று இருக்கும், வாசல் எண் வரும்போது மூக்கு அடைத்துக்கொள்ளும்.

கடைசிப் பக்கத்தில் 'ரத்து செய்யப்படுகிறது' என்று இருந்ததாம். மேலாளர் அதைப் பேனாவால் அடித்துவிட்டார். "புது மிஷின்ல எதுக்கும்மா அபசகுனமா? நம்ம கம்பெனி எதையும் ரத்து பண்ணாது" என்றாராம். தப்பித் தவறி ஒன்று ரத்தானால் யாராவது மைக்கில் சொல்லிக்கொள்வார்களாம். இவளும் சரி என்று எழுந்து வந்துவிட்டாள். அந்த ஒரு சொல் விட்டுப்போனதுதான் பிற்பாடு எங்கள் வீட்டைத் தூங்கவிடாமல் அடித்தது.

வேலைநிறுத்தம் இப்படி வந்தது. கவுண்டர், சுமை ஏற்றுவது, துப்புரவு எல்லாவற்றையும் ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. ஒப்பந்தக்காரரிடம் போனால் வேலை இருக்கும், ஆனால் எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. அதே சமயம் விமானிகளின் ஓய்வு நேரத்திலும் கை வைத்தார்கள். எப்போதும் ஒருவரை ஒருவர் ஏறிட்டுப் பார்க்காத ஊழியர் சங்கம், விமானிகள் சங்கம் இரண்டும் அதனால் ஒன்றாகச் சேர்ந்து வெளியே வந்து உட்கார்ந்தன.

புறப்பாட்டு வாசலுக்கு எதிரே, காவல்துறை போட்ட மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் பந்தல். அங்கே என் தங்கையும் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே வாசல் ஒலிபெருக்கியில் அவள் குரல் வழக்கம்போல வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அதைச் சும்மா விடுவார்களா? சுமை ஏற்றுகிறவர்களில் ஒருவர் உண்டு, ஆள் பருமன், எல்லோரும் மூட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஆரம்பித்தார்.

"ஏம்மா ரேடியோ, நீ இங்க, உன் தொண்டை மட்டும் உள்ள ஏசியிலயா? சம்பளம் யாருக்கு வரும்?"

"மெஷின் பேசுது அண்ணே. நான் என்ன பண்றது?"

"கோஷம் போட வாயைத் திறக்க மாட்டேங்குற. உள்ள மட்டும் கணீர்னு கேக்குது. அதான் கேட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. குரல்தான் பிழைப்பு என்று இவள் எப்போதும் உரக்கக் கத்துவதில்லை. ஐஸ் தண்ணீர்கூடத் தொடமாட்டாள். மறுநாள் முதல் எல்லோரையும்விட உரக்கக் கோஷம் போட்டாள். வீட்டுக்கு வரும்போது குரல் கரகரத்தது.

இதற்கிடையில் பாதி விமானங்கள் நின்றுபோயின. ஆனால் இயந்திரத்துக்கு 'ரத்து' என்று சொல்லத் தெரியாதே. இயக்குகிற ஆள் பந்தலில். மாற்றவோ நிறுத்தவோ தெரிந்தவர் உள்ளே யாரும் இல்லை. கிளம்பாத ஒவ்வொரு விமானத்துக்கும் அது என் தங்கையின் குரலில், "தாமதமாகும், தயவுசெய்து காத்திருக்கவும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னது. ஜனங்கள் காத்திருந்தார்கள். மேலாளரே மைக்கைப் பிடித்து ரத்து என்று சொல்லிப் பார்த்தாராம். அவர் முடித்த கையோடு என் தங்கையின் குரல், "காத்திருக்கவும்" என்றது. ஜனம் யாரை நம்பும்? வருஷக்கணக்காகக் கேட்ட குரலைத்தான் நம்பியது.

ஒரு அம்மாள், கையில் ஆஸ்பத்திரிப் பை, வெளியே காற்றுக்கு வந்தவர், பந்தலில் என் தங்கை யாரிடமோ தண்ணீர் கேட்டதைக் கேட்டுவிட்டார். நேரே வந்தார்.

"நீதானே அது? காலையிலேர்ந்து இரு இருன்னு சொல்றியே, போகுமா போகாதா? போகாதுன்னா நான் பஸ்ஸைப் பிடிச்சாவது போயிருப்பேனே. அங்க என் வீட்டுக்காரருக்கு நாளைக்கு ஆபரேஷன்."

என் தங்கை எழுந்து நின்றாள். "போகாதும்மா. பஸ்ஸுக்குப் போங்க" என்றாள். அந்த அம்மாள் அவளைப் பார்த்த பார்வையைச் சாப்பிடும்போது எங்களிடம் சொன்னாள். அதன்பிறகு சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலையில் நான் கடைக்குக் கிளம்பும் நேரத்தில் மேலாளரிடமிருந்து போன் வந்தது. இவர் புதியவர், குரல் மிகவும் பணிவு. தங்கை போனை மேசைமேல் வைத்துப் பேசினாள், நாங்களும் கேட்டோம்.

"உள்ள வந்து மைக்ல ஒரு தடவை நீங்க சொன்னா போதும் மேடம். ஜனங்க கவுண்டரை உடைக்கிற நிலைமையில இருக்காங்க. அஞ்சு நிமிஷ வேலை. ஒப்பந்தம் வந்தாலும் உங்க இடம் கம்பெனியிலயே இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு."

"யோசிச்சு சொல்றேன் சார்."

போனை வைத்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்த ஜனங்களுக்கும் நல்லது, உனக்கும் நல்லது. போ, சொல்லிட்டு வா."

"கோட்டைத் தாண்டினா அப்புறம் என்னை யாரும்மா மனுஷியா மதிப்பாங்க?"

"தாண்டலைன்னா வேலை போயிடும்டி!"

"தாண்டாம இருந்தா அந்த ஜனங்க உள்ளயே கெடப்பாங்க. அதுவும் என் பேச்சைக் கேட்டு." என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு அண்ணா."

போய்விட்டு வா என்று சொல்லத்தான் வாய் வந்தது. பல வருஷ வேலை, வீட்டுக்கடன் அவள் பேரில். "வேலை முக்கியம்தான்" என்று இழுத்தேன். அவள் செருப்பை மாட்டினாள்.

கடையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காயில் சுற்றும்போது சுற்று எண்ணிக்கை ஒன்றுகூடத் தப்பக்கூடாது. நான் மூன்று தடவை தப்பவிட்டுப் பிரித்தேன். அப்போது சங்கத்துப் பையன்கள் இரண்டு பேர் கோஷம் போடும் கைமைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கத்திக் கத்தி அதன் காயில் தீய்ந்துபோயிருந்தது. சரிசெய்து, அவர்களிடம் கொடுத்தனுப்ப மனமில்லாமல் நானே கொண்டுபோனேன்.

பந்தலில் சண்டை நடந்துகொண்டிருந்தது. சங்கத் தலைவருக்குத் தொண்டை கட்டியிருந்தது, கையை ஆட்டித்தான் பேசினார். என் தங்கை எதிரே நின்றாள். மேலாளர் கூப்பிட்டதை அவளே எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள்.

"நான் உள்ள போகல தலைவரே. இங்க நின்னே சொல்றேன். எது கிளம்பாதுன்னு நமக்குத் தெரியும்ல?"

"ஜனம் உள்ள நின்னு கத்தினாத்தான் நிர்வாகத்துக்கு உறைக்கும். நீ அவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டா, நமக்கு என்ன மிச்சம்? நிர்வாகத்தோட வேலையை நீ சும்மா செஞ்சு குடுக்குற."

"என் குரல் பொய் சொல்லுது தலைவரே. உங்க குரலா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

"என் குரலே இல்லையேம்மா!" என்றார் அவர், காற்றாக. யாரோ சிரித்துவிட்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "உன் இஷ்டம். நாளைக்கு உன்னைப் பத்தி யார் என்ன சொன்னாலும் நான் வந்து நிக்க மாட்டேன்."

அவள் என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. விமானிகள் உட்கார்ந்திருந்த பக்கம் போய், யார் யார் எந்த விமானத்தை ஓட்ட வேண்டியவர்கள் என்று கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். மஞ்சள் கோட்டில் கால்விரல் படாமல் நின்றாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

கரகரத்த குரல்தான். ஆனால் அந்த இழுப்பு அதேதான். வெளியே நின்ற போலீஸ்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார். உள்ளே எட்டவில்லை; வாசல் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டது, வார்த்தையைப் பாதியில் வெட்டியது. அப்போது மூட்டை எழுந்தார். பக்கத்தில் கிடந்த பெட்டி வண்டியைக் கோட்டின் விளிம்பிலிருந்து ஒரு தள்ளு தள்ளினார். அது உருண்டுபோய்க் கதவுக்கு நடுவே நின்றது. கதவு திறந்தது திறந்தபடி நின்றுவிட்டது.

போலீஸ்காரர் முறைத்தார். "வண்டிதான் சார் உள்ள போச்சு. நான் ஸ்டிரைக்ல இருக்கேன்" என்றார் மூட்டை.

அவள் ஒவ்வொரு விமானமாகச் சொன்னாள். ஊர்ப் பெயர், நேரம், பிறகு அந்தச் சொல். "ரத்து செய்யப்படுகிறது." முதல் முறை சொல்லும்போது தொண்டை உடைந்தது. உள்ளேயிருந்து ஒருவர், "உள்ள லேட்டுங்கற, வெளிய ரத்துங்கற, எதைத்தான் நம்புறது?" என்று கத்தினார்.

"சார், உங்க விமானத்தை ஓட்ட வேண்டியவர் இங்க என் பக்கத்துல உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டிருக்கார்" என்றாள் அதே அறிவிப்புக் குரலில். விமானி டீ டம்ளரைத் தூக்கிக் காட்டினார்.

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. மேலே ஒலிபெருக்கி, "காத்திருக்கவும்" என்று கெஞ்சிக்கொண்டிருக்க, ஜனங்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். சிலர் எங்களைத் திட்டினார்கள். சிலர் பந்தலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திட்டினார்கள். பெரும்பாலோர் பேருந்து நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

தலைவர் பயந்தபடி நடக்கவில்லை. அவள் நினைக்காததும் நடந்தது. அவள் தினமும் கோட்டில் நின்று உண்மையைச் சொல்லச் சொல்ல, ஊரில் அந்தக் கம்பெனிச் சீட்டை வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். எல்லாம் வழக்கம்போல ஓடுகிறது என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டிருந்ததும் நின்றது. பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். ஓய்வு நேரத்தில் வைத்த கையை எடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தைத் தள்ளி வைத்தார்கள், கைவிடவில்லை. தலைவர் வெற்றி என்றார், அதையும் காற்றாகத்தான் சொல்ல முடிந்தது.

அவளுக்கு வேலை போகவில்லை. ஆனால் கவுண்டரிலிருந்து எடுத்து, காணாமல்போன பெட்டிகளைத் தேடித் தரும் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை, நாள் முழுக்கத் திட்டு. யார் போட்ட உத்தரவு என்று காகிதத்தில் இல்லை. பந்தலில் இருந்தவர்களிலும் சிலர் இன்னும் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மூட்டை மட்டும் தினமும் அந்த அறைக் கதவைத் தட்டி, "ரேடியோ, என் பெட்டி கெடைச்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாராம்.

மாற்றிய அதே வாரத்தில், விட்டுப்போன சொல்லைப் பதிய அவளையே கூப்பிட்டார்கள். வேறு குரலில் போட்டால் ஒட்டாதாம். தொண்டை ஆறட்டும், அப்புறம் போ என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. "எண்ணெல்லாம் சளியோட இருக்கு. இது மட்டும் இப்படி இருந்தா என்ன?" என்று போய்ப் பதிந்துவிட்டு வந்தாள்.

அதைக் கேட்டே ஆகவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். போன ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். புறப்பாட்டு வாசலில் இருவரும் உட்கார்ந்தோம். விமானங்கள் வரிசையாகக் கிளம்பிக்கொண்டே இருந்தன. மூக்கடைத்த எண்கள், பளிச்சென்ற ஊர்கள். நேரம் போகப் போக அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டா, இன்னைக்கு ஒண்ணுகூட ரத்தாகாதா?" என்று உரக்கவே கேட்டாள்.

பெட்டியும் குழந்தையுமாக நின்ற ஒரு குடும்பம் திரும்பி எங்களை முறைத்தது. நான் அம்மாவின் கையை அழுத்தினேன். அவள் கையை உதறிவிட்டு, ஒலிபெருக்கியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.