அரைத் தாங்கியில் நின்றுபோன முள்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு இருபத்தைந்துக்கு, நாவற்குடாவில், பஸ் போகிற பெரிய வீதியில் என் கார் நின்றது.

இரண்டு தரம் குலுங்கியது. மூன்றாம் தரம் குலுங்கவில்லை. பெற்றோல் முள்ளைப் பார்த்தேன். அரைத் தாங்கி இருக்கிறது என்றது. களுவாஞ்சிக்குடியில் வீட்டை விட்டுப் புறப்பட்டபோதும் அதைத்தான் சொன்னது. அதற்கு முந்திய மூன்று கிழமையும் அதையேதான் சொன்னது. பெற்றோல் அடித்தாலும் அரை. ஓடித் தீர்த்தாலும் அரை.

பக்கத்து சீற்றில் என் மனைவி. மடியில் ஒரு பை. பைக்குள் ஆஸ்பத்திரிக் கடிதம், துவாய், சுடுதண்ணீர்ப் போத்தல். ஏழு மணிக்குள் அவள் டவுன் ஆஸ்பத்திரியின் கண் வாட்டில் நிற்க வேண்டும். புரை எடுக்கிற ஒப்பரேஷன். எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த திகதி. முதல் தந்த திகதியில் இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் திகதியும் தவறினால் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும்.

பார்வை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்கிறீர்களா? போன மாதம் கேற்றடியில் வந்து நின்ற பக்கத்து வீட்டு மாட்டிடம், "தேத்தண்ணி போடவா?" என்று கேட்டிருக்கிறாள். நான்தான் நிற்கிறேன் என்று நினைத்தாளாம். பதில் வராததால் சந்தேகமே வரவில்லையாம்.

சரி, மூன்று கிழமையாக முள் அசையவில்லையே, நீர் என்ன செய்தீர் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

பெற்றோல் மீற்றர் பிழைத்தால் பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் பியூஸ். பிறகு தாங்கிக்குப் போகும் வயர். பிறகு தாங்கிக்குள் பெற்றோலோடு ஏறி இறங்கும் மிதவை. கடைசியில்தான் டாஷ்போர்டில் உள்ள முள். பியூஸை நானே கழற்றிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அடுத்த கட்டத்துக்குப் பின் சீற்றைத் தூக்க வேண்டும். தூக்குவதற்கு முன் மூன்று கராஜில் விலைமனு எடுக்க வேண்டும்.

எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. பிரதேச செயலகத்தில் முப்பத்துநான்கு வருஷம் இருந்தவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மூன்று விலைமனு இல்லாமல் நான் ஒரு விளக்குமாறுகூட வாங்கியது கிடையாது.

முதலாவது கராஜ்காரர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "முழு மீற்றரையும் மாத்தணும்" என்றார். இரண்டாமவர் காரைச் சுற்றி மோப்பம் பிடித்துவிட்டு, "எலி வயரைத் திண்டிட்டு" என்றார். மூன்றாமவர் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "வித்திருங்க ஐயா" என்றார். எதை என்று சொல்லவில்லை.

மூன்று மனுவும் மூன்று வேலைக்கு. ஒப்பிட முடியாது. ஆகவே மறுபடியும் கேட்பது என்று தீர்மானித்தேன். அதுவரைக்கும் இடைக்கால ஏற்பாடாக ஒரு கொப்பி போட்டேன். அடித்த லீற்றர், ஓடிய கிலோமீற்றர், மிச்சம். ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பதைக் காரோடு வந்த புத்தகத்திலிருந்து எடுத்தேன். அந்தப் புத்தகம் அச்சடித்த காலத்தில் இந்தக் கார் புதுசு என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலைக் கணக்கின்படி தாங்கியில் ஒன்பது லீற்றர் இருந்தது.

"பெற்றோல் முடிஞ்சிற்று" என்றாள் மனைவி.

"இருக்காது. ஒன்பது லீற்றர் இருக்கு. இது வேற ஏதோ கோளாறு. அஞ்சு நிமிஷம் தா."

"உங்கட அஞ்சு நிமிஷம் மூண்டு கிழமையா ஓடுது."

நான் பொனற்றைத் தூக்கினேன். நம் ஊரில் பொனற்றைத் தூக்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அரை நிமிஷத்தில் நான்கு பேர். பாண் வாங்கிக்கொண்டு போனவர் பற்றரி என்றார். சைக்கிளில் வந்தவர் பிளக் என்றார். ஹெல்மெற் போட்ட ஒரு இளந்தாரி எதுவும் சொல்லாமல் காரின் பின்பக்கம் போய், இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான். பெற்றோல் மூடியைத் திறந்து காதை வைத்தான்.

"ஐயா, உள்ளுக்க காத்துதான் கிடக்கு."

"முள் அரை காட்டுதே தம்பி" என்றார் பாண்காரர்.

"அப்ப முள்ளை ஊத்தி ஓடச் சொல்லுங்க."

இதற்கிடையில் என் மனைவி இறங்கிவிட்டாள். வீதியோரம் நின்று கையைக் காட்டினாள். முதலில் ஒரு உழவு இயந்திரத்துக்குக் காட்டினாள், பிறகு ஒரு பஸ்ஸுக்கு. மூன்றாவதாக நின்றது உண்மையிலேயே ஓட்டோ.

"நான் போறன். நீங்க கண்டுபிடிச்சிற்று வாங்க" என்றாள். ஓட்டோ கல்லடிப் பாலத்தை நோக்கிப் பறந்தது.

ஹெல்மெற் இளந்தாரி ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்தான். பெற்றோல் செட்டில் போத்தலில் தரமாட்டார்கள், அதற்குச் சுற்றறிக்கை இருக்கிறது என்று நான் விளக்கத் தொடங்கினேன். விளக்கி முடிப்பதற்குள் அவன் தன் மோட்டார் சைக்கிளின் குழாயைக் கழற்றிப் போத்தலை நிரப்பி, என் தாங்கிக்குள் ஊற்றிவிட்டான். கார் ஸ்டார்ட் ஆனது. மணி ஆறு ஐம்பது.

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? நேரே ஆஸ்பத்திரிக்குப் போவான்.

நான் போகவில்லை. கூட்டத்தில் நான்காவது ஆளாக, ஒன்றுமே பேசாமல் நின்றவர் ஜௌபர் நானா. காத்தான்குடிக்காரர். எதிரிலே கராஜ் வைத்திருக்கிறார். "சேர், அந்த முள்ளையும் ஒருக்காப் பாத்திருவமா? பத்து நிமிஷம்" என்றார். எனக்கு ஆசை வந்துவிட்டது. மனைவி ஏழுக்குள் போய்ச் சேர்ந்திருப்பாள். ஒப்பரேஷன் ஒன்பதுக்குப் பிறகுதான். ஆனால் பிழை என் கணக்கில் இல்லை, கருவியில்தான் என்று நிரூபிக்க இதைவிட்டால் சந்தர்ப்பம் வராது... அப்படித்தான் நினைத்தேன். பொய் சொல்வானேன்?

ஜௌபர் நானா விலைமனு தரவில்லை. மூன்று கராஜ்காரரும் சொன்னதை என்னிடம் கேட்டுவிட்டுப் பின் சீற்றைத் தூக்கினார். அதன் கீழே ஒரு வட்ட மூடி. மூடிக்குக் கீழே ஒரு வயர். அதைக் கழற்றினார்.

"சேர், முள் எங்க நிக்குது?"

"கீழே விழுந்திட்டு."

வயரின் நுனியைக் காரின் வெறும் தகரத்தில் தொட்டார். "இப்ப?"

"மேல போகுது. முழுத்தாங்கி."

"அப்ப மீற்றரும் சரி, வயரும் சரி. எலி பாவம். கோளாறு தாங்கிக்குள்ளதான்."

முழுதாக இரண்டு நிமிஷம். மூன்று கிழமை, மூன்று விலைமனு, ஒரு கொப்பி எல்லாவற்றையும் அந்த இரண்டு நிமிஷம் தின்றுவிட்டது.

மிதவையை வெளியே எடுக்கத்தான் நேரம் பிடித்தது. திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மிதவையின் கம்பிக்கும் அதன் சட்டத்துக்கும் நடுவில், குறுக்காக, ஒரு சாண் நீளத்தில் ஒரு தென்னை ஈர்க்கு.

"சேர், காருக்குள்ள விளக்குமாறு எப்படிப் போச்சு?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பெற்றோல் வரிசைக் காலத்தில் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று தந்தார்களே, அப்போது மீற்றரை நம்பாமல் தாங்கிக்குள் ஈர்க்கு விட்டு அளந்தவர்களில் நானும் ஒருவன். காலையும் மாலையும். நனைந்த இடத்தில் நகத்தால் அடையாளம். ஒருநாள் ஈர்க்கு முறிந்தது. மறு ஈர்க்கு எடுத்தேன். முறிந்த பாதி எங்கே போனது என்று விசாரிக்கவில்லை. அது இத்தனை காலமும் உள்ளே நீந்தித் திரிந்துவிட்டு, மூன்று கிழமைக்கு முன் வசதியான இடம் பார்த்துச் செருகிக்கொண்டது.

"இது நீங்க கொண்டு வந்த நாலாவது ஈர்க்கு" என்றார் ஜௌபர் நானா. "நீங்க எண்டா, உங்கட பக்கத்து ஆக்கள். எங்கட ஆக்களும்தான். ஒருத்தர்ர தாங்கிக்குள்ள தையல் நாடா கிடந்திச்சு."

வயரைத் திரும்ப மாட்டினார்; முள் பழையபடி அரைக்கு வந்தது. ஈர்க்கை உருவியதும் முள் தடதடவென்று கீழே இறங்கி, 'காலி' என்ற இடத்தில் நின்றது. உண்மையைச் சொல்ல அதற்கு மூன்று கிழமையாக ஆசை இருந்திருக்க வேண்டும்.

எனக்கு ஒன்று தோன்றியது. முள் காலியில் நின்றிருந்தால் அன்றைக்கே கராஜுக்கு ஓடியிருப்பேன். முழுவதில் நின்றிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். அரைதான் ஆபத்து. 'வேலைகள் திருப்திகரமாக நடைபெறுகின்றன' என்று நான் மாதா மாதம் எழுதி அனுப்பிய அறிக்கைகள் எல்லாம் அரைத் தாங்கிதான். மேலே இருந்தவர்கள் ஒருநாளாவது சீற்றைத் தூக்கிப் பார்த்தார்களா? பாலம் முடியாமல் கிடந்தது. குளக்கட்டு உடைந்து கிடந்தது. முள் அரையில் நின்றது. எல்லோரும் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தோம்.

நானா சீற்றைத் திருப்பிப் போடும்போது, பின் சீற்றிலிருந்து எடுத்துக் கீழே வைத்திருந்த என் கடதாசிக் கோவையை எடுத்துத் தந்தார். ஆஸ்பத்திரிக் கடிதத்தின் மூலப்பிரதி மனைவியிடம், நகல் என்னிடம். அதுதான் ஒழுங்கு. தற்செயலாகக் கண் போனது. கடைசி வரி: நோயாளியுடன் உதவியாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். எட்டு மணிக்கு முன் கையொப்பம் இடாவிடில் சத்திரசிகிச்சை செய்யப்படமாட்டாது.

மணி எட்டு பத்து.

ஒழுங்கு தெரிந்த மனிதன் நான். ஊரில் யாருக்கு எந்தப் படிவம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்த வரியை நானே சிவப்பு மையால் கோடிட்டிருந்தேன்.

கல்லடிப் பாலத்தை எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. போன் எடுத்தேன். அவளுடைய போன் பதில் சொல்லவில்லை. எட்டு மாதம்... இன்னும் எட்டு மாதம் மாட்டோடு கதைக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். மாட்டையாவது மன்னிப்பாள், என்னை எப்படி மன்னிப்பாள்?

வாட்டு வாசலில் ஒரு தாதி மறித்தார்.

"மிஸ், என்ட மனுசி உள்ளுக்க. நான் உதவியாளர். கையெழுத்துப் போடணும்."

பெயரைக் கேட்டார். பதிவைப் பார்த்தார். "அவவுக்கு உதவியாளர் இருக்காரே. ஏழு மணிக்கே கையெழுத்துப் போட்டாச்சு. ஒப்பரேஷனுக்கு ஆயத்தமும் பண்ணியாச்சு."

"ஆர்?"

"யோகன். தம்பி எண்டு எழுதியிருக்கு."

என் மனைவிக்குத் தம்பி கிடையாது. மூன்று தமக்கைமார்தான்.

"மிஸ், நான் அவட புருசன்."

"அது சரி ஐயா. ஒரு ஆளுக்கு ஒரு உதவியாளர்தான். நீங்க வெளியில இருங்க."

இந்த வாக்கியத்தை முப்பத்துநான்கு வருஷம் நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதே தொனி. முகத்தைப் பார்க்காமல் பேப்பரைப் பார்க்கிற அதே பார்வை. கவுண்டரின் மறுபக்கத்தில் நின்று கேட்பது இதுதான் முதல் தடவை. அங்கே காற்றே இல்லை என்பதும் இப்போதுதான் தெரிந்தது.

கண்ணாடிக் கதவால் எட்டிப் பார்த்தேன். காலையில் அவளை ஏற்றிப் போன ஓட்டோக்காரர், காக்கிச் சட்டை போட்ட ஒரு நாற்பது வயதுக்காரர், வாங்கில் இருந்தார். மடியில் என் மனைவியின் பை. கையில் அவளுடைய கண்ணாடி. அதைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற ஹயரை விட்டுவிட்டு இருந்திருக்கிறார். "அக்கா தனிய எண்டு சொன்னா, மறுகா எப்படி விட்டுட்டுப் போறது?" என்று இடையில் வெளியே வந்தபோது என்னிடம் சொன்னார். நானும் மீற்றர் சரியான கதையைச் சொன்னேன். அவர் எந்தச் சுற்றறிக்கையையும் வாசித்ததில்லை.

பன்னிரண்டு மணிக்கு யோகன் அவளை வெளியே கூட்டி வந்தார். ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண் எப்போதும் போல மங்கல்தான். நான் எழும்பி நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. தெரியவில்லையா, தெரிந்தும் திரும்பவில்லையா? கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

"தம்பி, எங்கட ஐயா வந்திற்றாரா?"

"ஓம் அக்கா. இஞ்சதான் நிக்கார். காரும் கொண்டு வந்திருக்கார். மீற்றர் எல்லாம் சரியாம்."

"நல்லம். அப்ப நாம ஓட்டோவிலேயே போவம்."