‘லாஸ்ட் பஸ்’ குழுவின் பி சைடு பாட்டுகள்

1. மண்டபத்தில் இருந்தவர்கள்

அன்று காலை ஆர்.எஸ்.மங்கலம் கல்யாண மண்டபத்தில் அன்பு அண்ணன் மாப்பிள்ளையாக மேடையில் இருந்தார். மேடைக்குக் கீழே, வாடகைக்குக் கொண்டு வந்த பாக்ஸ் ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில், ஜெயபால் அண்ணனும் சிக்கந்தர் அண்ணனும் நானும் நின்றோம். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் முருகேசன் அண்ணன், பாட்டுகளை எல்லாம் எழுதியவர். அவர் சார்ஜாவில் இருந்தார். இன்னொருவர் மைக்செட் சேது. சுற்றுப்பட்டு ஊர்களில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் ரேடியோ குழாய் கட்டுகிறவர். இந்தக் கல்யாணத்துக்கும் அவரைத்தான் சொல்லி வைத்திருந்தார்கள். உப்பூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கேதம், சாவு விழுந்துவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட்டதும், முதல் நாளே செட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் வந்திருந்தால், நான் கொண்டுபோன சி.டி.யின் உறையைப் பார்த்ததுமே என் கையில் திருப்பிக் கொடுத்திருப்பார்.

நான் அப்போது ராமநாதபுரத்தில் ஒரு ஆடியோ ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். கேசட் போய் சி.டி. வந்துகொண்டிருந்த காலம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அன்று நான் செய்த தவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைத்து எழுதுகிறேன்.

2. பேனாவில் போட்ட பெருக்கல் குறி

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அய்யாவும் அம்மாவும் கண்மாய்ப் பாசன வயல்களில் கூலி வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டல், பிறகு எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. படித்தவன் என்பதால் எதையும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வேன் என்று ஒரு எண்ணம் எனக்கு உண்டு.

‘லாஸ்ட் பஸ்’ நாலு பேர் குழு. கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். சினிமாப் பாட்டு வாசிக்க மாட்டார்கள். சொந்தப் பாட்டு மட்டும்தான். அன்பு அண்ணன் கிட்டார் வாசித்துப் பாடுவார். முருகேசன் அண்ணன் பேஸ் கிட்டார், சிக்கந்தர் அண்ணன் கீபோர்டு, ஜெயபால் அண்ணன் டிரம்ஸ். எங்கள் கடையின் பின்னறையில்தான் ரெக்கார்டிங். ஜெயபால் அண்ணனின் ஊருக்குக் கடைசி பஸ் சாயங்காலம் ஏழரைக்கு. ஏழு மணி ஆனால் குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். குழுவுக்குப் பெயர் வந்தது அப்படித்தான். அவர் இருக்கும்வரை அடித்த வேகமான பாட்டுகள் ஏ சைடில் வரும். அவர் போன பிறகு, டிரம்ஸ் இல்லாமல் மெதுவாகப் பாடியவை பி சைடை நிரப்பும்.

நாலு வருடத்தில் மூன்று கேசட் போட்டார்கள். டவுனில் கேட்டு வாங்கிய காலேஜ் பையன்கள் இருபது பேர்கூடத் தேற மாட்டார்கள். ஆனால் கேசட் விற்றுக்கொண்டே இருந்தது. வாங்கியவர்களில் பாதிக்கு மேல் கிராமங்களிலிருந்து வரும் மைக்செட்காரர்கள். தேய்ந்துபோனவற்றை ரிப்பேருக்கும் கொண்டுவருவார்கள். திறந்து பார்த்தால் பி சைடு முதல் பாட்டு இருக்கும் இடத்தில் டேப் கசங்கியிருக்கும். திரும்பத் திரும்ப ரீவைண்டு செய்தால்தான் அப்படி ஆகும். பி சைடு லேபிளில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. ஒன்றில் இல்லை, வந்த கேசட் எல்லாவற்றிலும்.

பிடித்த பாட்டுக்கு அடையாளம் என்று நானே முடிவு கட்டினேன். ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை.

“அண்ணே, பி சைடுதான் ஓடுது. ஊர் ஊரா ஓடுது” என்று அன்பு அண்ணனிடம் சொன்னேன்.

“நெசமாவா சொல்ற? நம்ம வீட்லயே அத யாரும் கேட்டதில்லையேடா.”

“டேப்பப் பாருங்க. டேப்பு பொய் சொல்லாது.”

கடையில் புதிதாக சி.டி. ரைட்டர் வந்திருந்தது. பி சைடு பாட்டுகள் ஏழு, வெளியிடாமல் கிடந்தவை நாலு, ஆக பதினொன்றையும் ஒரே சி.டி.யில் தொகுக்கலாம் என்றேன். நாலு பேரும் காசு போட்டார்கள். ஜெயபால் அண்ணன் மட்டும் முனகினார்.

“ஏலே, இதுல நான் ஒரு தட்டுகூடத் தட்டல. பஸ்ஸுல ஒக்காந்து வேர்க்கடலை தின்ன நேரத்துல இவிங்க பாடுனதுக்கு நான் எதுக்குல காசு குடுக்கணும்?”

“பேரு ஒன்னாலதானடா வந்துச்சு, குடு” என்றார் சிக்கந்தர் அண்ணன்.

நாற்பது நாள் வேலை. ஒவ்வொரு மாஸ்டர் டேப்புக்கும் ஹெட்டைத் துடைத்து, ஹெட்டின் சாய்வைத் திருத்தும் அசிமத் ஸ்குரூவைத் திருப்பிச் சரிபார்த்து, இரைச்சலைக் குறைத்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அவ்வளவு சுத்தமாக நான் அதற்குப் பிறகும் வேலை செய்ததில்லை. ஐநூறு சி.டி. அடித்தோம். அன்பு அண்ணனின் கல்யாணத்திலேயே வெளியீடு என்று முடிவானது. பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை ஆர்கெஸ்ட்ரா வைத்திருக்கிறார் என்பது மட்டும் தெரியும். என்ன பாட்டு என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

3. முதல் பாட்டு

தாலி கட்டி முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தது. சிக்கந்தர் அண்ணன் மைக்கில் நாலு வார்த்தை பேசினார். பெண்ணின் தாய்மாமன் முதல் சி.டி.யை வாங்கிக்கொண்டார். கைதட்டினார்கள். நான் பிளே பட்டனை அமுக்கினேன்.

முதல் பாட்டு ‘விளக்கு எரியட்டும்’. முதல் கேசட் காலத்தில், சார்ஜா போக விசா தேடும்போதே முருகேசன் அண்ணன் எழுதியது. வெளிநாடு போகிறவன் தன் அம்மாவிடம், நான் வரும்வரை வாசல் விளக்கை அணைக்காதே என்று சொல்லும் பாட்டு. முதலில் கிட்டார் மட்டும் தனியாக வரும், பிறகு அன்பு அண்ணனின் குரல்.

கிட்டார் வந்தபோதே பந்தியில் பேச்சு நின்றது. பாட்டு பிடித்துப்போய்க் கேட்கிறார்கள் என்று நினைத்து நான் வால்யூமைக் கூட்டினேன். குரல் வந்ததும் நடு வரிசையில் ஒரு பெரியவர் பாதிச் சோற்றில் இலையை மடித்து எழுந்தார். அவரைப் பார்த்து அவருடைய வரிசையே எழுந்தது. பெண்கள் பக்கத்தில் ஒரு ஆத்தா நெஞ்சில் கை வைத்து, “யாத்தே, யாரு? யாரு போனது?” என்றார். யாரோ அழ ஆரம்பித்தார்கள். என்னவென்று தெரியாமலே இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

பெண்ணின் சித்தப்பா சோற்றுக் கையோடு ஓடிவந்தார்.

“ஏலே, நிப்பாட்டுல. எந்த வீட்ல எழவு? யாரு சொல்லிவிட்டா?”

“எழவெல்லாம் இல்லைங்க. இது மாப்ள பாடுன பாட்டு.”

“எது? எங்கண்ணனத் தூக்குறப்பப் போட்ட பாட்டுல இது. இத எவன்ல கல்யாண வீட்ல போடச் சொன்னான்?”

நாற்பது நாள் தொட்டுத் தொட்டுச் சரிசெய்த பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஜெயபால் அண்ணன்தான் பிளக்கை வயரோடு பிடுங்கினார்.

மேடையைப் பார்த்தேன். கல்யாணப் பெண் சுமதி அழவில்லை. மாப்பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்களா பாடுனது?”

கீழே நடப்பது எதுவும் புரியாத அன்பு அண்ணன், “ஆமா, நாந்தான்” என்றார். கொஞ்சம் சந்தோஷமாகக்கூடச் சொன்னார்.

சுமதி மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து உள்ளறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

4. சேதுவிடம் கேட்டது

எழவுப் பாட்டு ஓடிய பந்திச் சோறு ஆகாது என்று கொட்டிவிட்டு மறுபடி உலை வைத்தார்கள். சாப்பிடப் பாதிப் பேர் இல்லை. பெண்ணின் அம்மா, “எம்மக இன்னைக்கு உங்ககூட வரமாட்டா” என்று சொல்லிவிட்டார். தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவக்கிரகக் கோயிலான நவபாஷாணத்துக்குப் போய்ப் பரிகாரம் செய்த பிறகு பார்க்கலாம் என்று இரண்டு பக்கப் பெரியவர்களும் பேசினார்கள்.

நான் மத்தியான பஸ்ஸில் உப்பூர்ப் பக்கம் போனேன். சேதுவிடம் கேட்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிய உடனே நின்றுவிட்டேன். வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாயிலிருந்து அன்பு அண்ணனின் குரல் வந்துகொண்டிருந்தது. அதே பாட்டு. கீழே பந்தலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். வெளியே கொட்டு அடித்துக்கொண்டிருந்தது.

சேது கட்டிலில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க தம்பி. இங்கன எங்க?”

“சேதண்ணே, இந்தப் பாட்ட எத்தன வருசமாப் போடுறீங்க?”

“மொதக் கேசட்டு வந்ததுலருந்து. மங்கலத்துலருந்து தேவிபட்டினம் வரைக்கும் எல்லா செட்லயும் இதான். வெளிய கொட்டு அடிப்பாங்கள்ல, பாட்டுலயும் கொட்டு இருந்தா ரெண்டும் இடிக்கும். ஒங்க பாட்டுல கொட்டே இல்ல, தோதாப் போச்சு. சாமி பேரும் வராது, எந்தச் சனத்துக்கும் போடலாம்.”

“அப்ப அந்தப் பெருக்கல் குறி?”

“அசந்து மறந்து விசேச வீட்ல போட்டுறக் கூடாதுல்ல. அதுக்குத்தான். ஒங்களுக்குத் தெரியும்னுல நெனச்சேன்.”

எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் சாவுக்குக் கொட்டு மட்டும்தான். குழாய் கட்டுகிற வசதி ஒரு வீட்டுக்கும் கிடையாது. மற்ற தெருக்களின் கேத வீட்டுப் பந்தலில் போய் உட்கார்ந்து பழக்கமும் இல்லை. ஹாஸ்டலில் இருந்த வருடங்களில் ஊரில் என்ன பாட்டு ஓடியது என்பதும் தெரியாது.

நடந்ததைச் சொன்னேன். சேது இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. எல்லாம் ஒரே சி.டி.ல வந்துருச்சா? திருப்பிப் போட வேண்டாமே. எனக்கு ரெண்டு வேணும்.”

5. ஐநூறு சி.டி.

பரிகாரம் முடிந்தது. கடல் தண்ணீரில் இறங்கி நவதானியம் போட்டுச் சுற்றி வந்தார்கள். அப்போதும் சுமதி கணவர் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா வீட்டுக்கே திரும்பிப் போனார். பதினொரு நாள். அன்பு அண்ணன் போன் செய்யவில்லை. குரலைக் கேட்டால் சுமதிக்கு, இரண்டு வருடம் முன்பு இறந்த தன் அப்பாவைக் கிடத்தியிருந்த நினைப்புதான் வரும் என்று பயந்தார்.

பன்னிரண்டாம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொண்டுவந்த சுமதி அண்ணி என்னைத்தான் கேட்டார்.

“தம்பி, அவரு பேச மாட்டாரா?”

“பேசுனா ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு...”

“கஷ்டந்தான்.” தூணில் சாய்ந்துகொண்டார். “அய்யா கெடந்த ஒண்ணர நாளும் அதுதான் ஓடுச்சு. எனக்கு அழுகையே வரல. எல்லாரும் ஒரு மாதிரியாப் பாத்தாக. சாயங்காலம் சேது மாமா செட்ட அவுத்துட்டுப் போனாரு பாருங்க, பாட்டு நின்னுச்சு. அப்பத்தான் அய்யா இல்லைன்னு ஒறைச்சுச்சு. யாரு பாடுனதுன்னு சேது மாமாட்டக் கேட்டேன். அவருக்கும் தெரியல. ரெண்டு வருசமா அது யாரோன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

அன்பு அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த சி.டி. எத்தன இருக்கு?” என்றார் அண்ணி.

“ஒங்க மாமாட்டக் குடுத்த ஒண்ணு போக, ஐநூத்துல மிச்சம் அம்புட்டும் கடையிலதான் இருக்கு அண்ணி.”

“என்ன செய்யப் போறீக?”

மைக்செட்காரர்கள் நாலைந்து பேர் அதற்குள் கடைக்கு வந்து கேட்டிருந்தார்கள். நாற்பது ரூபாய் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். போட்ட காசை எடுத்துவிடலாம் என்று நான் நினைத்ததைச் சொன்னேன்.

“எழவு வீட்டுக்கு ஆகுறதுக்குக் காசு வாங்குவீகளா? எங்கய்யாவுக்கு ஓடுனப்ப எங்ககிட்ட வந்து காசு கேட்டீகளா?”

“இல்ல.”

“அப்பச் சும்மா குடுங்க. எல்லா செட்டுக்கும். கடையில ஒண்ணு இருக்கக் கூடாது. நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கக் கூடாது.”

நம்ம வீடு என்றதும் அன்பு அண்ணன் தலை நிமிர்ந்தார். அண்ணி உள்ளே போய்ப் பையை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

ஒரு மாதம் மொபெட்டில் கட்டுக் கட்டாக எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கொடுத்தேன். காசு நீட்டியவர்களிடம் வாங்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், பாடியவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்றேன். குழு அதற்குப் பிறகு கூடவில்லை. அன்பு அண்ணன் இன்றுவரை வீட்டில் பாடுவதில்லை என்று கேள்வி.

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ரிப்பேருக்கு வருகிற பொருளில் ஒரு அடையாளத்தைப் பார்த்தால் கொண்டுவந்தவரிடமே கேளுங்கள். எங்கே போடுகிறீர்கள், யார் கேட்கிறார்கள், அப்போது அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும் என்று கேளுங்கள். மைக்செட்காரர்கள் நாலு வருடம் என் கவுண்டருக்கு முன்னால் நின்றார்கள். நான் டேப்பைத்தான் பார்த்தேன்.

சி.டி. அடித்தது, பாக்ஸ் ஸ்பீக்கர் வாடகை, மறுபடி உலை வைத்தது, தேவிபட்டினத்துப் பரிகாரம், மொபெட்டுக்குப் பெட்ரோல் எல்லாம் சேர்த்து, திரும்பி வராமல் போனது இருபத்து நாலாயிரத்து எண்ணூற்றுப் பத்து ரூபாய்.