தீத்திய சோறு

மகள் ஆரணியின் கழுத்தில் கறுப்பு ஏறியபோது நான் அதை அழுக்கு, ஊத்தை என்றுதான் நினைத்தேன். வெள்ளவத்தை வெயில், பள்ளிக்கூட வானுக்குள் நெரிசல், வியர்வை, வேறென்ன இருக்கப்போகிறது? பயற்றம்மாவில் தேசிக்காய் பிழிந்து குழைத்து, குளிக்கும்போது அழுத்தி உரஞ்சினேன். "எரியுதம்மா" என்று நெளிந்தாள். "ஊத்தை போறதெண்டால் எரியும்தான்" என்று இன்னும் அழுத்தினேன். இரண்டு கிழமையில் தோல் சிவந்து புண்ணாகியது. கறுப்பு அப்படியே இருந்தது.

அந்தப் புண்ணுக்குக் களிம்பு வாங்கத்தான் டொக்டரிடம் போனோம். அவர் புண்ணைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். பிறகு அக்குளைப் பார்த்தார். இடுப்பைச் சுற்றி அளந்தார். நிறையும் உயரமும் எடுத்தார்.

"இது ஊத்தையில்லை அம்மா. இனி உரஞ்சாதேங்கோ."

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. பிள்ளையின் நோயை நான் தேய்த்துக் கழுவப் பார்த்திருக்கிறேன்.

இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்த பிறகு இரண்டு சொற்கள் கிடைத்தன. ஒன்று, இன்சுலின் எதிர்ப்பு (சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் சுரப்பு போதியளவு இருந்தும் உடல் அதற்குச் சரியாக இணங்காத நிலை); கழுத்துக் கறுப்பு அதன் அடையாளமாம். மற்றது ஈரற்கொழுப்பு (கல்லீரலில் கொழுப்புப் படிவது). ஆரணிக்கு அப்போது பத்து வயது.

"இப்ப கவனிச்சால் திரும்பும். விட்டால் சின்ன வயசிலேயே சலரோகம் வரலாம்" என்றார் டொக்டர். "ஆனா மெலிய வைக்கப் பாக்காதேங்கோ. நிறை அப்பிடியே நிக்கட்டும், உயரம் வளரட்டும்."

சலரோகம் (சர்க்கரை வியாதி) என்ற சொல்லுக்குப் பிறகு என் காதில் எதுவும் ஏறவில்லை.

அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டேன். பிஸ்கட் பேணியை அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். சோற்றைப் பாதியாக்கினேன். தையல் டேப்பால் காலையில் ஒருதரம், பள்ளிவிட்டு வந்ததும் ஒருதரம் அவள் இடுப்பை அளந்தேன். அரை நாளில் இடுப்புக் குறையுமா என்று கேட்காதீர்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பிள்ளை டேப்பைக் கண்டாலே வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வாள். அதைக் கண்டும் நான் நிறுத்தவில்லை.

மூன்று மாதத்தில் நிறை கூடியிருந்தது. ரியூசன் வகுப்பின் படிக்கட்டில் குந்தியிருந்து, சிநேகிதிகளிடம் வாங்கிய பொரித்த ரோல்ஸை அவசர அவசரமாக விழுங்கியிருக்கிறாள். டொக்டருக்கு முன்னால் நான் அவளைத் திட்டினேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"வீட்டில ஆர் சாப்பாடு குடுக்கிறது?"

"நான்தான் தீத்திறனான்."

"பத்து வயசுப் பிள்ளைக்கோ?"

"ஸ்கொலர்ஷிப் சோதினை வருது டொக்டர். பாஸ்ட் பேப்பர் செய்யேக்கை கையில கறி பட்டால் தாள் பழுதாப் போயிடும். நேரமும் மிச்சம்."

நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் பிடித்துத் தரும் சோதினை அது; ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இது புரியும். அவள் பழைய வினாத்தாளில் கணக்குச் செய்வாள். நான் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைக் குழைத்து உருட்டி வாயில் வைப்பேன். அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வாய் மட்டும் திறக்கும்.

டொக்டர் அவளிடம் திரும்பினார். "பிள்ளை, வயிறு நிறைஞ்சிட்டுதெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஆரணி என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கோப்பை வெறுமையானால்."

முழுத் தவறும் தீத்தும் பழக்கத்தினுடையது அல்ல. இனிப்பு, ஓட்டமில்லாத மாலைகள், எங்கள் குடும்பத்துச் சலரோகம் எல்லாம் சேர்ந்ததுதான் என்று டொக்டர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். ஆனால் பசியும் போதுமென்பதும் அவளுக்குத் தெரியவேண்டும், அதை அவளுடைய கைதான் பழகவேண்டும் என்றார்.

"சோதினை முடியட்டும், பிறகு பாப்பம்" என்றார் என் கணவர்.

"ஈரல் சோதினை முடியுமட்டும் காத்திருக்குமோ?" என்று கத்திவிட்டேன். அவர் அடுத்த நாள் மாலையே அவளைக் கடற்கரைப் பக்கம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனார்.

பேப்பரை மூடிவைத்து மேசையில் இருத்திய முதல் நாள், அவள் கையைச் சோற்றில் வைத்தபடி கேட்டாள்: "எவ்வளவு சாப்பிடவேணும் அம்மா?" தீத்தப் போன கையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சாப்பாடு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. முன்பெல்லாம் ஒரு கோப்பைச் சோறு தீத்தி முடிவதற்குள் அவள் இருபது கேள்வி செய்திருப்பாள். அந்த இருபது கேள்வியும் போகுதே என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகத்தான் செய்தன. சோதினையில் வெட்டுப்புள்ளிக்கு (தேர்வாவதற்கான குறைந்த மதிப்பெண்) ஏழு புள்ளி குறைவு. பிறகு எடுத்த ஸ்கேனில் கொழுப்புக் குறைந்திருந்தது. நிறை அப்படியே நின்றது, உயரம் வளர்ந்து சட்டையெல்லாம் கட்டையாகிவிட்டன. முழுதாகச் சுகம் என்று டொக்டர் இன்னும் சொல்லவில்லை. பிஸ்கட்டுக்குச் சண்டை இப்போதும் உண்டு. டேப்பை வெட்டிக் குப்பையில் போட்டேன்.

போன சனிக்கிழமை மத்தியானம் ஆரணி சாப்பாட்டின் நடுவில் கையை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். "போதும்" என்றாள். கோப்பையில் ஒரு பிடி சோறும் பருப்பும் மிச்சம் இருந்தன.

சோறு வீணாகக்கூடாதே. நான் கோப்பையை எடுத்து, குசினி அடுப்படியில் நின்றபடியே வழித்து வாயில் போட்டேன். கை கழுவ வந்தவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்குப் பசிக்குதா அம்மா?"

வாயில் சோற்றோடு யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.