கவிழ்த்த சிரட்டை

அந்தத் தேங்காய்ச் சிரட்டை இப்போதும் கோயில் மடத்து அடுப்படியில் கிடக்கிறது. கறிக்கு உப்புப் போட்டவர் அதைப் பெரிய சமையல் கிடாரத்து மூடியின்மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். பல கை சமைக்கிற இடம். சிரட்டை கவிழ்ந்திருந்தால் உப்புப் போட்டாயிற்று. அக்கா கொண்டுவந்த வழக்கம் அது.

எல்லாருக்கும் அவர் அக்காதான். பருத்தித்துறைப் பக்கத்தில் எங்கள் கோயில். திருவிழா நாட்களில் அன்னதானம் சமைக்கிற தொண்டர்களுக்கு அவர்தான் தலை. நான் விறகும் தண்ணீரும். யாரும் பிழைவிட்டால் அக்கா அந்த இடத்தில் வாய் திறக்கமாட்டார். பிறகு கிணற்றடிக்குக் கூப்பிட்டு மெல்லச் சொல்லுவார். சாமான் ஏற்ற வான் ஓட்டுகிற வான்காரத் தம்பி தொண்டுக்கு வந்த புதிதில் சிரட்டையைக் கவிழ்க்க மறந்தான். சாம்பாருக்கு இரண்டு தரம் உப்பு விழுந்தது. அக்கா பூசணிக்காயை வெட்டிப் போட்டு, தண்ணீர் விட்டு, ஒருமாதிரிச் சரிக்கட்டினார். கிணற்றடியில் அவனிடம், "எனக்கும் உது நடந்ததுதான், தம்பி. இனிச் சிரட்டையைப் பாருங்கோ" என்றார். சாப்பிட்ட சனத்துக்குத் தெரியவரவேயில்லை.

பிறகு அக்காவுக்கு வயது போனது. மறதி வந்தது. போன தேர்த் திருவிழாவில் தானே உப்புப் போட்டு, தானே சிரட்டையைக் கவிழ்த்தார். கொஞ்சம் பொறுத்து அதை எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் போட்டார். முதல் வாயிலேயே சனம் இலையை மூடியது.

வான்காரத் தம்பி மண்டபத்தின் நடுவில் ஒரு இலை போட்டான்.

"வாங்கோ அக்கா, இருங்கோ. உங்கடை கைப்பக்குவத்தை நீங்களும் ஒருக்காப் பாக்கவேணுமெல்லே."

சோறு மிதக்கச் சாம்பார் ஊற்றினான். "அக்கா கடலில்லாமலே உப்பு விளைவிச்சிட்டா" என்றான் இன்னொருவன். சிரித்தார்கள். அவருக்குப் பிரசர், உப்புக் கூடாது என்று அடுப்படியில் தெரியாதவர் இல்லை. அக்கா இலைக்கு முன்னால் இருந்தார். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். ஒருவரும் மறிக்கவில்லை.

கை கழுவிவிட்டு அவனைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். நான் வாளியோடு நின்றேன்.

"தம்பி, இலையை மாறிப் போட்டிட்டியள். நுனி, சாப்பிடுற ஆளின்ரை இடப்பக்கம் வரவேணும். ஆக்கள் பாத்தால் உங்களைத்தான் குறை சொல்லுவினம்."

"ஓம், ஓம்" என்று சிரித்துக்கொண்டு போனான்.

அடுத்த நாள், இனி வரவேண்டாம் என்று அக்கா வீட்டுக்கு ஆள் அனுப்பினான். அவர் வரவில்லை.

இப்போது அவன்தான் தலை. பிழைவிட்டவரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்கிறான். உப்புப் பெட்டிக்குப் பூட்டு. சாவி அவன் இடுப்பில். சிரட்டைக்குள் நெருப்புப்பெட்டி வைத்திருக்கிறார்கள்.

இலை மட்டும் பிழையில்லாமல் போடுகிறான். நுனி இடப்பக்கம்.