தோற்ற அரசனின் தாய்

வாளும் ஈட்டியும் செய்து தரும்படி என்னிடம்தான் கேட்டார்கள். நான் தச்சன். லண்டனில் கடைகளுக்குச் சாமான் அடுக்கும் தட்டு அடித்துக் கொடுக்கிறேன், வீடுகளுக்குச் சமையலறை பொருத்துகிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு ஈழத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்த சனம் வந்து தங்கியது. சனம் போன பிறகு பார்த்தால் கூரையும் போயிருந்தது. ஜெர்மனியில் வேலை பழகினேன். மகள் பிறந்த பின் லூயிஷாமுக்கு வந்தோம். கூட்டங்களில் நான் பேசுவதில்லை. கதவோரம் நிற்பேன், கதிரை அடுக்கச் சொன்னால் அடுக்குவேன்.

மகள் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். அந்தப் பள்ளியின் ஆண்டு விழாவில் சரித்திர நாடகம் ஒன்று கட்டாயம் இருக்கும். சரித்திரம் என்றால் போர். போர் என்றால் நாங்கள் வென்ற போர். தோற்ற போரை யாரும் நாடகமாக்குவதில்லை. அதற்கு மெழுகுதிரி கொளுத்துவதோடு சரி.

நாடகத்தை எழுதிப் பழக்குபவர் மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், பிள்ளைகளுக்குத் தன் காசில் கேக் வாங்கி வருவார். கடல் கடந்து படை நடத்திய பழைய தமிழ் அரசர்கள் என்றால் அவருக்கு உயிர். அவர்கள் கப்பலில் போய் அவர் பிறந்த கடாரத்தைக் கொள்ளையடித்ததைக் கூட நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்வார்.

"எங்க ஊரையே அடிச்சு நொறுக்கினாங்க லா தம்பி! என்ன படை, என்ன படை!"

கொள்ளை போன ஊர்க்காரர் கொள்ளையடித்தவனுக்காகப் பூரிக்கிறாரே என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

பழைய ஆயுதங்கள் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போனேன். அங்கே இருந்தவை வெள்ளைக்காரரின் ஆயுதங்கள். ஆனாலும் இரும்புக்கும் எலும்புக்கும் ஊர் வித்தியாசம் கிடையாது.

முதல் அறையில் அரசர்களின் கவசங்கள். பொன் கம்பி பதித்துப் பூவேலை செய்தவை. ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை. அடிபட்ட சாமான்கள் உள்ளே அடுத்த அறையில் இருந்தன. பக்கவாட்டில் குழிந்துபோன இரும்புத் தொப்பி. முள் முள்ளாக இரும்பு வைத்த தடி. நீண்ட தடியின் நுனியில் வளைந்த அலகு பூட்டிய ஒன்றும் இருந்தது. ஊரில் ஆட்டுக்குக் குழை இழுக்கும் கொக்கத்தடியேதான். குதிரையில் வருகிறவனைக் கொழுவி விழுத்துவதற்கு என்று மகள் வாசித்துச் சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்து மெதுவாகத்தான் ஓடும். பக்கத்தில் ஊசி போல ஒடுங்கிய கத்தி ஒன்று.

"அப்பா, இதின்ரை பேர் மெர்சி."

"எண்டால்?"

"இரக்கம். விழுந்து கிடக்கிறவரை இரும்புத் தொப்பியின்ரை கண் ஓட்டைக்குள்ளாலை குத்துறதாம். சாகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால்."

"ஆர் வைச்ச பேர்? குத்தினவையோ, குத்து வாங்கினவையோ?"

அவள் சிரித்துவிட்டாள். "நீங்கள் வெளியிலையும் இப்பிடிக் கதைக்கலாமே அப்பா."

கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மண்டை ஓடு. போரில் செத்தவன், பெயர் தெரியாது. தாடையில் ஒரு வெட்டு, நெற்றியில் ஒரு வெட்டு, பின்பக்கம் சதுரமாக ஓர் ஓட்டை. விழுந்த பிறகும் அடித்திருக்கிறார்கள். எங்கள் மேல் விழுந்த இரும்பு வானத்திலிருந்து வந்தது. அனுப்பியவன் எங்களைப் பார்க்கவில்லை, நாங்களும் அவனைப் பார்க்கவில்லை. இது கைக்கு எட்டிய தூரத்தில், மூச்சு முகத்தில் படும் தூரத்தில் நடந்திருக்கிறது. அடித்தவனும் நாளாந்தம் மரமோ மண்ணோ வெட்டிய ஒருவனாகத்தான் இருந்திருப்பான். அவனுக்கும் வீட்டில் யாரோ சோறு வைத்துக் காத்திருந்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு குடும்பம் அந்த மண்டை ஓட்டோடு சேர்ந்து நின்று படம் எடுத்தது.

வீட்டுக்கு வந்து ஒட்டுப்பலகையில் வாள்களும் ஈட்டிகளும் கேடயங்களும் அறுத்தேன். வெள்ளிச் சாயம் பூசினேன். பிள்ளைகளின் விளையாட்டுத்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒத்திகை பார்க்கப் போனபோதுதான் கதை முழுவதும் தெரிந்தது. தமிழ் அரசன் கடல் கடந்து ஈழத்தின் மீது படையெடுக்கிறான். ஊர்களை எரிக்கிறான். தோற்ற ஈழத்து அரசனின் தாயைப் பிடித்து வந்து மூக்கை அறுக்கிறார்கள். அத்தோடு முரசு கொட்டும், திரை விழும். தாய் வேடம் என் மகளுக்கு.

"சிறுகத்தி ஒண்ணு வேணும் தம்பி," என்றார் மலேசியாக்காரர். "வெட்டுற மாதிரி தெரியணும், ஆனா வெட்டக் கூடாது. சிவப்புச் சாயம் நான் பாத்துக்கிறேன்."

நான் கூட்டத்தில் பேசாதவன். ஆனாலும் கேட்டேன்.

"சேர், அந்தக் கட்டத்தை எடுத்துவிட ஏலாதோ?"

"ஏன் தம்பி?"

"அவ ஒரு தாய்."

"எதிரியோட தாய் லா. நான் கற்பனையா எழுதினேன்னு நினைக்கிறீங்களா? அந்த ராஜாவே தன் புகழ்னு கல்லுல வெட்டி வச்சிருக்கான்."

"புகழ் எண்டோ?"

"கொல்லாம விட்டானே! அது இரக்கம் இல்லையா?"

அந்தச் சொல்லை அதற்கு முதல் வாரம்தான் அருங்காட்சியகத்தில் ஒரு கத்தியின் பெயராகப் பார்த்திருந்தேன். அதைச் சொல்ல வாய் எடுப்பதற்குள் ஒரு பிள்ளையின் தகப்பன் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"அண்ணை, மூக்கு வேண்டாமெண்டால் காதை வெட்டுவமோ? மூக்குத்தியாவது மிஞ்சும்!"

எல்லோரும் சிரித்தார்கள். தாய்மார் கூடச் சிரித்தார்கள். ஈழத்தில் பிறந்து, ஈழத்தில் வீடு எரிந்து, அங்கிருந்து ஓடி வந்தவர்கள். அந்தப் படை கப்பலால் இறங்கியபோது எங்கள் வடக்குக் கரையில் முதலில் நின்றது யார், யாருடைய நெல்லைத் தின்று அது வடக்கிலிருந்து நடந்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கப்பலில் வந்தவன் தமிழ் பேசினான், அது அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

"கத்தி நான் செய்யமாட்டன்," என்றேன். சத்தம் வந்ததா என்று எனக்கே சந்தேகம். வந்திருந்தது. மகள் என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தாள்.

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சேருங்கோ, அதுதான் நாடகத்திலையே பெரிய கட்டம். எத்தினை தாய்மார் அந்த வேசத்துக்கு நிண்டவை தெரியுமோ? பிள்ளைக்கு மேடைப் பயம் போகட்டும். உங்களை மாதிரி அவளும் கதவோடை ஒட்டிக்கொண்டு நிக்கவேணுமோ?"

மகளும் கோபத்தில் இருந்தாள்.

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் ஆக்டிங். எல்லாருக்கும் முன்னாலை ஏன் சொன்னனீங்கள்?"

அவளைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் மேடையில் அழுவது எனக்குப் பிரச்சினையில்லை. நான் பயந்தது கைதட்டலுக்கு. அந்தத் தாய்க்கு நடந்ததற்கு விழும் கைதட்டலை என் பிள்ளை தனக்கு விழுந்ததாக எடுத்துக்கொண்டு, அது பிடித்துப்போய்விட்டால் பிறகு நான் என்ன செய்வது?

நான் கத்தி செய்யாததால் ஒன்றும் நின்றுவிடவில்லை. மலேசியாக்காரர் விளையாட்டுச் சாமான் கடையில் பிளாஸ்டிக் கத்தி ஒன்று வாங்கிவிட்டார். என்னுடையதை விட அழகாக இருந்தது. கொல்லன் ஒருவன் மாட்டேன் என்று உலையை அணைத்தால் அடுத்த தெருக் கொல்லன் ஊதியிருப்பான். எந்தக் காலத்திலும் இது இப்படித்தான் நடந்திருக்கும்.

விழா மனோர் பார்க் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாடகம். நான் வழமை போலக் கதவோரம் நின்றேன். என் வாள்கள் வெளிச்சத்தில் மினுங்கின. ஊர் எரிந்ததற்கு ஒரு கைதட்டல். பிறகு என் மகளை இழுத்து வந்து முழங்காலில் இருத்தினார்கள். அவள் கத்தினாள். அந்தக் கத்தல் நன்றாக இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. இதே கத்தலை நான் மேடை இல்லாத இடங்களில் கேட்டிருக்கிறேன். கத்தி இறங்கியது, சிவப்புச் சாயம் வழிந்தது, முரசு கொட்டியது. மண்டபம் எழுந்து நின்று தட்டியது. விசில் கூட வந்தது. முன்வரிசையில் மனைவி தட்டியதைப் பார்த்தேன். அவள் பிள்ளைக்காகத் தட்டினாள் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் எதற்குத் தட்டினார்கள்?

திரைக்குப் பின்னால் பெண்கள் மகளைச் சுற்றிக்கொண்டு படம் எடுத்தார்கள். "மூக்கில்லாட்டியும் வடிவாத்தான் இருக்கிறாய் பிள்ளை!" என்றாள் ஒருத்தி. மகளின் முகம் பூரித்துக் கிடந்தது. நான் பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

மனைவி சாப்பாட்டுச் சட்டிகளோடு தெரிந்தவர்களின் காரில் போனாள். அதில் இடம் இல்லாததால் நானும் மகளும் ரெயிலில் ஏறினோம். சாயம் சரியாகப் போகவில்லை. மூக்கைச் சுற்றியும் மேலுதட்டிலும் சிவப்பாகக் கறை பிடித்திருந்தது. எதிர் இருக்கையில் இருந்த வயதான வெள்ளைக்காரப் பெண் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்த விதத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"உனக்கு ஒன்றும் இல்லையே, பிள்ளை?" என்று இங்கிலீஷில் மகளிடம் கேட்டாள்.

மகள் சிரித்தாள். "நாடகம். நான் ஒரு அம்மாவாக நடித்தேன். போரில் என் மூக்கை வெட்டிவிடுவார்கள்."

"ஐயோ கடவுளே. யார் வெட்டுவது?"

மகள் சட்டென்று பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. ஒத்திகை முழுக்க அவர்கள் 'நமது படை' என்றுதான் சொல்லிப் பழகியிருந்தார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள். நான் உதவவில்லை. நான் சொன்னால் அது என் வார்த்தையாகிவிடும்.

"நாங்கள்தான்," என்றாள் மெதுவாக.

அந்தப் பெண் விளங்காமல் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஸ்ட்ராட்போர்டில் மற்ற ரெயிலுக்கு மாற இறங்கினோம். ரெயில் மேடையில் நடக்கும்போது மகள் கேட்டாள்.

"அப்பா, அந்தத் தாய் அதுக்குப் பிறகு எவ்வளவு காலம் உயிரோடை இருந்தவ?"

"தெரியாது."

"கல்லிலை எழுதேல்லையோ?"

"மூக்கை வெட்டினதோடை எழுதினவை நிப்பாட்டிப்போட்டினம்."

அவள் பையிலிருந்து ஈரத்தாள் எடுத்து மூக்கைத் தேய்க்கத் தொடங்கினாள். சனம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தோல் நோகும் மட்டும் தேய்த்தாள். போதும் என்று நான் சொல்லவில்லை.