வாளி வாங்கப் போன கதை

கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவளுக்கு ஒரே கேள்விதான் பிழைப்பு. வந்தவர் மூக்கின் மேல் கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, அதில் ஒரு லென்ஸைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி இருந்தது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்க வேண்டும். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை இதே பாட்டுதான். சிலர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள். சிலர் பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி மிரண்டுபோய், "நீங்களே சொல்லுங்களேன், எது சரின்னு" என்பார்கள். அவள் முகம் சுளிக்க மாட்டாள். "அவசரமே இல்ல, இன்னொரு தடவை பார்ப்போம்" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இந்தப் பொறுமைக்காகவே நாலு தெரு தாண்டி ஆட்கள் வந்தார்கள். முதலாளிக்குப் பெருமை தாங்காது.

ஆனால் இருக்கிற பொறுமையெல்லாம் கடையிலேயே செலவாகிவிடும். வீட்டுக்கு வந்து சேரும்போது சொட்டுகூட மிச்சம் இருக்காது. வீட்டில் இருந்ததோ அம்மா.

அப்பா போன பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான். காலையில் மகள் செருப்பை மாட்டும்போது அம்மா கேட்பாள், "கேஸை மூடினியா? குடை எடுத்துக்கிட்டியா?" கதவைத் திறக்கும்போது மறுபடி கேட்பாள். மகள் படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டால், ஜன்னலில் தலை தெரியும், "கேஸை மூடினியாடி?" தெருவே திரும்பிப் பார்க்கும். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள், "மூடிட்டாங்கம்மா, நான் சாட்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேஸாவது பரவாயில்லை. சாயங்காலமானால் கதை வேறு இருந்தது. மகள் கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் அம்மா தொடங்குவாள்.

"உன்னை ஒருநாள் தொலைச்சுட்டேன், தெரியுமா?"

தெரியாமலா இருக்கும்? அம்மா வாளி வாங்கச் சந்தைக்குப் போனாள். நீல வாளி. ஓட்டை இருக்கிறதா என்று அடியைத் தட்டிப் பார்ப்பதற்காகக் குழந்தையின் கையை விட்டாள். தட்டி முடித்துத் திரும்பினால் குழந்தையைக் காணோம். அம்மா வாளியும் கையுமாகத் தலைதெறிக்க ஓடினாள். காசு கொடுக்காத வாளிக்காகக் கடைக்காரர் அவள் பின்னால் ஓடினார். கடைசியில் பார்த்தால், ஒரு செருப்புக் கடையில், அளவு பார்க்கிற முக்காலியில், யாரோ ஒரு ஆளின் பெரிய பூட்ஸில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு, மகாராணி கணக்காக உட்கார்ந்திருந்தது குழந்தை.

"என்னைப் பார்த்ததும் நீ என்ன பண்ணே தெரியுமா..."

"தெரியும்மா, தெரியும். அரைச்ச மாவையே எத்தனை தடவைதான் அரைப்பே?"

கதை எப்போதும் அங்கேதான் நிற்கும். அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள். "சரி, சாப்பிட வா" என்று எழுந்துவிடுவாள். மறுநாள் வாளியிலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள்.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் அம்மாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். வாயும் ஓரளவு நேரானது. பேச்சுதான் திரும்பவில்லை. "தண்ணி" என்பாள், "போதும்" என்பாள், அத்துடன் சரி. "பேச முடியும். ஆனா அவங்களுக்கே பேசணும்னு தோணணும். நீங்க பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர்.

காது புளித்துப்போனவளுக்கு இப்போது காது காய்ந்தது. காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் சும்மா நிற்பாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வராது. தெருவுக்கு வந்து ஜன்னலைப் பார்ப்பாள். பார்த்துக்கொள்ள வந்த பக்கத்து வீட்டு அக்கா கையசைப்பாள். பாதி வழியில் கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்து மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவருவாள். கேஸ் மூடித்தான் இருக்கும். குடையை மறந்து இரண்டு முறை தொப்பலாக நனைந்தாள். கடையில் யாராவது கேட்டதையே கேட்டால், இன்னும் ஒரு தடவை கேட்க மாட்டார்களா என்றிருந்தது. அம்மாவின் குரலுக்காக அவள் ஏங்கினாள். வேறு எந்தச் சொல்லாலும் அதைச் சொல்ல முடியாது.

பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். கடைக் கதை, முதலாளி கதை, விலைவாசி எல்லாம் சொன்னாள். அம்மா சுவரைப் பார்த்தாள்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாய் திறக்காத ஆள் வந்து உட்கார்ந்தால், எது சரி என்று கேட்டுப் பயனில்லை. வேண்டுமென்றே ஒரு தப்பான லென்ஸைப் போட வேண்டும். எப்பேர்ப்பட்ட ஊமையும் "ஐயையோ, இது இல்ல, இது இல்ல" என்று பதறிவிடுவார்.

ஒருநாள் சாயங்காலம் கஞ்சியை ஆற்றிக்கொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், "அன்னிக்கு நாம குடம் வாங்கத்தானேம்மா போனோம்?"

அம்மாவின் புருவம் சுருங்கியது. உதடு ரொம்ப நேரம் முயன்றது.

"வாளி."

மகள் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டாள். "ஆமா, பச்சை வாளி."

"நீலம்" என்றாள் அம்மா, எரிச்சலாக. அந்த எரிச்சலைக் கேட்டு மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பிறகு தினமும் ஒரு தப்பு. குழந்தை துணிக்கடையில் கிடைத்தாள் என்றாள். வாளிக்காரர் நல்லவர், துரத்தவேயில்லை என்றாள். அம்மா ஒவ்வொன்றாகத் திருத்தினாள். முதலில் ஒற்றைச் சொல்லாக வந்தது, பிறகு இரண்டு மூன்றாக. "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஒருநாள் முழுசாகத் திட்டினாள். மகள் அந்தத் திட்டைக் கடைவரை நினைத்துக்கொண்டே போனாள்.

கதை பூட்ஸ்வரை வந்து நின்றது. அதற்கு மேல் எதைத் தப்பாகச் சொல்வது? சரியானது எதுவென்று தெரிந்தால்தானே தப்பைச் சொல்ல முடியும். தெரியும் தெரியும் என்று இத்தனை வருடம் சொன்னவளுக்கு அது தெரியவே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவே ஆரம்பித்தாள். திக்கித் திக்கி, வாளியைத் தட்டி, ஓடி, செருப்புக் கடைக்கு வந்து சேர்ந்தாள். "என்னைப் பார்த்ததும் நீ என்ன பண்ணே தெரியுமா..."

நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள். மகள் வாயைத் திறக்கவில்லை. அம்மா காத்திருந்தாள். மகளும் காத்திருந்தாள்.

"என்ன, தெரியும்னு சொல்லலையா?" என்றாள் அம்மா.

"தெரியாதும்மா. நீ சொல்லு."

அம்மா யோசித்தாள். கண் கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. முகத்தில் கூச்சம் மாதிரி ஏதோ ஒன்று.

"நீ இங்கதானே எப்பவும் நிறுத்துவே. இதுக்கு மேல சொல்லிப் பழக்கமே இல்ல. இப்ப வரமாட்டேங்குது."

அந்தச் செருப்புக் கடையில் நடந்ததை அறிந்தவள் உலகத்திலேயே அம்மா ஒருத்திதான். இனி அதைக் கேட்க வேறு ஆள் கிடையாது.

மகள் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பரவாயில்லம்மா. அவசரமே இல்ல. முதல்ல இருந்து சொல்லு."

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"உன்னை ஒருநாள் தொலைச்சுட்டேன், தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றாள் மகள்.